ஏரிப் படகுக்கு எந்தப் பேட்டரி?

அமெரிக்காவின் மின்னசோட்டா, விஸ்கான்சின், டெக்சஸ் மாநிலங்களில் ஏரியில் தூண்டில் போடுவது பெரிய பொழுதுபோக்கு. எல்லைக்கு அப்பால் கனடாவின் ஒன்டாரியோவிலும் அப்படித்தான். பதினாறு அடி நீள அலுமினியப் படகை டிரெய்லரில் ஏற்றிக் காரின் பின்னால் இழுத்துப் போவார்கள்; காலையில் ஏரியில் இறக்கி மாலையில் வீட்டு வாசலுக்குத் திருப்பிக் கொண்டுவந்துவிடுவார்கள். அங்கே குடியேறிய தமிழர்களிலும் இந்தப் பழக்கம் பிடித்துப்போனவர்கள் உண்டு. படகு வாங்கும்போது எஞ்சினைப் பற்றி எல்லோரும் துருவித் துருவிக் கேட்கிறார்கள். பேட்டரியைப் பற்றி அவ்வளவு கேட்பதில்லை. கடையில் கேட்க வேண்டிய கேள்விகள் அதில்தான் அதிகம்.

அந்தப் படகில் மின்சாரத்துக்கு மூன்று வேலைகள் இருக்கின்றன. பின்னால் தொங்கும் பெட்ரோல் எஞ்சினை, அதாவது அவுட்போர்டை, ஸ்டார்ட் செய்வது முதல் வேலை. ட்ரோலிங் மோட்டாரை ஓட்டுவது இரண்டாவது. மீன் காட்டும் திரை, விளக்கு, பம்ப் போன்ற துணைக்கருவிகளுக்கு மின்சாரம் கொடுப்பது மூன்றாவது. இந்த அளவுப் படகில் மூன்றும் பெரும்பாலும் 12 வோல்ட்டில்தான் ஓடுகின்றன. ஆகவே ஒரு நல்ல பேட்டரி இருந்தால் எல்லாம் நடக்கும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் மூன்றும் மின்சாரத்தை எடுத்துக்கொள்ளும் விதம் வேறு வேறு. அந்த விதம் புரிந்துவிட்டால், எதை வாங்குவது என்ற கேள்வி பாதிக்கு மேல் தீர்ந்துவிடும்.

ட்ரோலிங் மோட்டார் நம் ஊர்க் கடற்கரைக்குப் பழக்கமில்லாதது. நீண்ட குழாய் ஒன்றின் அடிமுனையில் சிறிய மின்மோட்டாரும் புரொப்பெல்லரும் இருக்கும். குழாயைப் படகின் முன்முனையிலோ பின்புறத்திலோ பொருத்தி, மோட்டார் பகுதியைத் தண்ணீருக்குள் இறக்குவார்கள். 1934-ல் வடக்கு டகோட்டாவின் ஃபார்கோ நகரில் ஓ.ஜி. ஷ்மிட் தொடங்கிய மின் கோட்டா நிறுவனம் இந்த மோட்டார்களுக்குப் பேர்போனது. வேகமாகப் போவதற்காக இதை வைப்பதில்லை. மீன் இருக்கும் இடத்துக்குப் பெரிய எஞ்சினில் போய்ச் சேர்ந்ததும் அதை அணைத்துவிட்டு, சத்தமில்லாமல் கரையோரமாக நகர்வதற்கும், காற்று தள்ளாமல் ஓரிடத்தில் நிற்பதற்கும் இது உதவுகிறது. இப்போதைய மோட்டார்களில் பலவற்றில் ஜி.பி.எஸ். இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் நங்கூரம் போட்டதுபோல் படகை அதே இடத்தில் பிடித்துவைக்கும். பெட்ரோல் எஞ்சினே கூடாது என்று தடை உள்ள நீர்த்தேக்கங்களும் அங்கே பல உண்டு. அவற்றில் போகவர இருப்பது இது ஒன்றுதான்.

இனி மூன்று வேலைகளையும் ஆம்பியரில் பார்ப்போம். ஆம்பியர் என்பது கம்பியில் ஓடும் மின்னோட்டத்தின் அளவு. அவுட்போர்டு ஸ்டார்ட் ஆகும்போது நூறு ஆம்பியருக்கு மேலும் இழுக்கும். ஆனால் அது இரண்டு மூன்று விநாடிக்குத்தான். ஓடத் தொடங்கியதும் எஞ்சினிலுள்ள ஆல்டர்னேட்டர் அந்த இழப்பைத் திருப்பி நிரப்பிவிடும். ட்ரோலிங் மோட்டார் பத்து ஆம்பியரிலிருந்து ஐம்பது ஆம்பியர் வரை எடுக்கும், மணிக்கணக்கில் எடுக்கும், நடுவில் நிரப்புவார் யாருமில்லை. துணைக்கருவிகளோ ஒவ்வொன்றும் ஒன்று, இரண்டு, மூன்று ஆம்பியர்தான் எடுக்கும். ஆனால் காலையிலிருந்து மாலை வரை விடாமல் எடுக்கும்.

ஈய-அமில பேட்டரியின் உள்ளமைப்பு இந்த வேறுபாட்டை ஒட்டியே இரண்டாகப் பிரிகிறது. எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் பேட்டரியில் மெல்லிய தகடுகள் நிறைய இருக்கும். தகடுகள் கூடினால் அமிலம் தொடும் பரப்பு கூடும்; பரப்பு கூடினால் ஒரே வீச்சில் நிறைய மின்னோட்டம் வரும். அடியாழம் வரை காலி செய்து மறுபடி நிரப்பத் தாங்கும் பேட்டரிக்கு டீப் சைக்கிள் என்று பெயர். அதில் தகடுகளின் எண்ணிக்கை குறைவு, தடிமன் அதிகம். திடீர் வீச்சு அதற்கு வராது. நிதானமாக, நெடுநேரம் கொடுக்கும். நம் வீடுகளில் இந்த வேறுபாடு ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. இன்வெர்ட்டருக்குக் கார் பேட்டரியை மாட்டாமல் டியூபுலர் பேட்டரி வாங்குவது இதே காரணத்துக்காகத்தான். அந்த டியூபுலரையே படகில் வைக்கலாமே என்று கேட்கலாம். அது உயரமானது, மிகவும் கனமானது, உள்ளே அமிலம் தளும்பிக்கொண்டு இருப்பது. அலையில் ஆடும் படகுக்கு ஒத்துவராது.

பேட்டரி மின்சாரம் கொடுக்கும்போது தகடுகளின் மேல் ஈய சல்பேட் படிகிறது. சார்ஜ் ஏற்றும்போது அது கரைந்து பழையபடி மாறுகிறது. ஒவ்வொரு முறையும் தகட்டிலுள்ள பொருள் கொஞ்சம் உப்பிச் சுருங்கும், கொஞ்சம் உதிரும். எவ்வளவு ஆழமாகக் காலி செய்கிறோமோ அவ்வளவு உதிரும். மெல்லிய தகடு இதைத் தாங்காது. ஸ்டார்ட்டிங் பேட்டரியை ட்ரோலிங் மோட்டாருக்குக் கட்டினால் முதல் சில தடவை நன்றாகத்தான் ஓடும். ஒரு சீசன் முடிவதற்குள் படுத்துவிடும். காலியான பேட்டரியை வாரக்கணக்கில் அப்படியே விட்டுவைத்தால் படிந்த சல்பேட் இறுகிக் கெட்டியாகும். பிறகு சார்ஜ் போட்டாலும் கரையாது. டீப் சைக்கிள் பேட்டரியையும் கொல்வது இதுதான். ஞாயிற்றுக்கிழமை ஏரியிலிருந்து திரும்பிய பேட்டரிக்கு அன்று இரவே சார்ஜ் போட வேண்டும். அடுத்த சனிக்கிழமை காலையில் போட்டுக்கொள்ளலாம் என்று விடக் கூடாது.

கடையில் பேட்டரியின் மேல் ஒட்டிய காகிதத்தில் பல எண்கள் இருக்கும். ஸ்டார்ட்டிங் பேட்டரியில் கிராங்கிங் ஆம்பியர் என்று ஓர் எண்ணைப் பெரிதாகப் போட்டிருப்பார்கள். குளிரில் முப்பது விநாடி எவ்வளவு மின்னோட்டம் தள்ளும் என்பதன் அளவு அது. படகு பேட்டரிகளுக்கு 0 டிகிரி செல்சியஸில் அளப்பார்கள், கார்களுக்கு மைனஸ் 18 டிகிரியில். ஆகவே ஒரே பேட்டரிக்குப் படகுக் கணக்கில் பெரிய எண் வரும். எஞ்சின் கையேட்டில் கேட்டிருப்பது எந்த வகை என்று பார்த்து ஒப்பிட வேண்டும். ட்ரோலிங் மோட்டாருக்கு இந்த எண் ஒன்றும் சொல்வதில்லை.

மற்ற இரண்டு வேலைகளுக்கும் தேவையான எண் ஆம்பியர்-மணி. கடைகளில் ஏ.எச். என்பார்கள். 100 ஆம்பியர்-மணி என்றால் 5 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம் கொடுக்கும் என்று பொருள். அந்த 20 மணி நேரம்தான் இதில் கவனிக்க வேண்டியது. 50 ஆம்பியர் வீதம் எடுத்தால் இரண்டு மணி நேரம் வரும் என்று வகுத்துப் பார்த்தால் கணக்கு சரிதான். பேட்டரி அதற்குக் கட்டுப்படாது. ஈய-அமில பேட்டரியிலிருந்து வேகமாக எடுக்க எடுக்க மொத்தமாகக் கிடைப்பதே குறையும். தகட்டின் உள்ளே அமிலம் ஊறிப் போவதற்கு நேரம் தேவை. அவசரப்படுத்தினால் மேற்பரப்பு மட்டும் வேலை செய்துவிட்டு நின்றுவிடும். இதை 1897-ல் ஜெர்மானியரான பாய்கெர்ட் ஒரு சூத்திரமாக எழுதினார். வழக்கமான ஒரு பேட்டரிக்கு அந்தச் சூத்திரத்தைப் போட்டுப் பார்த்தால், 50 ஆம்பியரில் கிடைப்பது ஒன்றே கால் மணி நேரம்தான். அதாவது 100 என்று வாங்கியது 63 ஆகிவிடுகிறது. 15 ஆம்பியரில் நிதானமாக எடுத்தால் 80 வரை கிடைக்கும். சில பேட்டரிகளில் ரிசர்வ் கெப்பாசிட்டி என்று நிமிடக்கணக்கில் ஓர் எண் இருக்கும். 25 ஆம்பியர் வீதம் எடுத்தால் எத்தனை நிமிடம் தாங்கும் என்பது அது. ட்ரோலிங் மோட்டார் உண்மையில் எடுக்கும் அளவுக்கு இது பக்கத்தில் இருப்பதால், இரண்டு பேட்டரிகளை ஒப்பிட இந்த எண் இன்னும் நம்பகமானது.

மோட்டாரின் அளவை உந்துவிசையில், பவுண்டு கணக்கில் சொல்கிறார்கள். ஆளும் சாமானும் சேர்த்துப் படகின் எடை ஒவ்வொரு 100 பவுண்டுக்கும் குறைந்தது 2 பவுண்டு உந்துவிசை வேண்டும் என்பது நடைமுறை விதி. நம் பதினாறு அடிப் படகு, எஞ்சின், பெட்ரோல், இரண்டு ஆள், சாமான் எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 700 கிலோ, அதாவது 1,540 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். 31 பவுண்டு போதும். காற்றுக்காகக் கூடுதலாக வைத்து 55 பவுண்டு மோட்டார் வாங்கலாம். 12 வோல்ட்டில் வழக்கமாகக் கிடைக்கும் பெரிய அளவு அது. அதற்கு மேல் 80 பவுண்டுக்கு 24 வோல்ட்டும், 112 பவுண்டுக்கு 36 வோல்ட்டும் தேவைப்படும். 12 வோல்ட் பேட்டரிகள் இரண்டையோ மூன்றையோ தொடராக இணைத்து அந்த வோல்ட்டைப் பெறுகிறார்கள். தொடராக இணைத்தால் வோல்ட் கூடும், ஆம்பியர்-மணி அப்படியே இருக்கும். பக்கவாட்டில் இணைத்தால் ஆம்பியர்-மணி கூடும், வோல்ட் மாறாது. எப்படி இணைத்தாலும் புதியதையும் பழையதையும் கலக்கக் கூடாது. பழையது புதியதையும் இழுத்துக்கொண்டு போகும்.

55 பவுண்டு மோட்டார் முழு வேகத்தில் ஏறத்தாழ 50 ஆம்பியர் எடுக்கும். ஆனால் யாரும் நாள் முழுக்க முழு வேகத்தில் ஓட்டுவதில்லை. தண்ணீரில் ஓடும் படகுக்குத் தேவையான சக்தி, வேகத்தின் மும்மடிக்குப் பக்கமாக ஏறுகிறது. படகின் வேகத்தைப் பாதியாக்கினால், கோட்பாட்டின்படி, சக்தித் தேவை எட்டில் ஒரு பங்காகும். மோட்டாரின் உள் இழப்புகளைச் சேர்த்தாலும் கால் பங்குக்குக் கீழேதான் நிற்கும். பேட்டரி எத்தனை மணி நேரம் வரும் என்பதை அதன் அளவைவிட ஓட்டுகிறவரின் விரல்தான் தீர்மானிக்கிறது. வேகத்தை நுணுக்கமாகக் கூட்டிக் குறைக்கும் மின்னணு மோட்டாரில் இந்த மிச்சம் முழுதாகக் கிடைக்கும். ஐந்து நிலை மட்டுமே உள்ள மலிவான மோட்டாரில், குறைந்த வேகத்தில் மிஞ்சும் சக்தியின் ஒரு பகுதி சூடாக வீணாகிறது. ஆகவே இந்த மோட்டாரில் நூறு டாலர் மிச்சம் பிடிக்கிறவர் அதைப் பேட்டரியில் செலவழிக்க நேரும்.

ஒரு நாள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஏரியில் எட்டு மணி நேரம். அதில் ட்ரோலிங் மோட்டார் ஓடுவது ஐந்து மணி நேரம், சராசரி 15 ஆம்பியர். ஐந்தும் பதினைந்தும் பெருக்கினால் 75 ஆம்பியர்-மணி. துணைக்கருவிகளில், மீன் காட்டும் திரை 2 ஆம்பியர் வீதம் எட்டு மணி நேரத்துக்கு 16. பிடித்த மீனை உயிரோடு வைத்திருக்கும் தொட்டியின் பம்ப் 3 ஆம்பியர். பாதி நேரம் ஓடினால் 12. எல்.இ.டி. விளக்கு, படகின் அடியில் சேரும் நீரை இறைக்கும் பம்ப் இரண்டுக்கும் சேர்த்து 2. மொத்தம் 30 ஆம்பியர்-மணி. இந்த எண்கள் எல்லாம் ஒவ்வொரு கருவியின் பின்புறத்திலும் கையேட்டிலும் அச்சிட்டிருக்கும். வாட்டில் போட்டிருந்தால் 12-ஆல் வகுத்தால் ஆம்பியர்.

தமிழ்நாட்டின் ஃபைபர் படகுகளில் ட்ரோலிங் மோட்டார் இல்லை. ஜி.பி.எஸ்., எக்கோ சவுண்டர், வி.எச்.எஃப். ரேடியோ, விளக்கு இருக்கும் படகுகளுக்கு இந்தத் துணைக்கருவிக் கணக்கு அப்படியே பொருந்தும். ரேடியோவை மட்டும் இரண்டாகப் பிரித்துக் கணக்கிட வேண்டும். கேட்டுக்கொண்டிருக்கும்போது அரை ஆம்பியர் அளவில் எடுப்பது, 25 வாட்டில் பேசும்போது 5 ஆம்பியர் வரை எடுக்கும்.

ஏரிப் படகுக்குப் போட்ட கணக்கில் 75-ம் 30-ம் கையில் இருக்கின்றன. இப்போதுதான் பேட்டரியின் வகைக்கு வர வேண்டும். ஈய-அமிலத்தில் இரண்டு வகை முக்கியம். டிஸ்டில்டு வாட்டர் ஊற்றும் பழைய வகை ஒன்று. மலிவானது. ஆனால் சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு விடும். மூடிய பெட்டிக்குள் காற்றோட்டம் வேண்டும். ஏ.ஜி.எம். இன்னொன்று. இதில் அமிலத்தைக் கண்ணாடி இழை மெத்தை உறிஞ்சிவைத்திருக்கும். சாய்ந்தாலும் சிந்தாது, குலுக்கலைத் தாங்கும், தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. இரண்டுக்கும் பொதுவான குறை, பாதிக்கு மேல் காலி செய்தால் ஆயுள் வேகமாகக் குறைவது. எனவே 30 ஆம்பியர்-மணி தேவைக்கு 60 ஆம்பியர்-மணி பேட்டரி. 75-க்கு 150, வேகமாக எடுப்பதால் வரும் இழப்பையும் சேர்த்தால் அதற்கும் மேலே. நடைமுறையில் 100 ஆம்பியர்-மணி பேட்டரிகள் இரண்டைப் பக்கவாட்டில் இணைக்க வேண்டும். எடை ஏறத்தாழ 60 கிலோ.

லித்தியம் என்று படகுக் கடைகளில் விற்பது பெரும்பாலும் லித்தியம் இரும்பு பாஸ்பேட். டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்இனஃப் குழுவினர் 1990-களில் உருவாக்கிய மின்வாய்ப் பொருள் இது. கைப்பேசிகளில் உள்ள லித்தியம் வகைகளைவிட எளிதில் தீப்பற்றாதது. ஒரு செல் 3.2 வோல்ட், நான்கு சேர்ந்தால் 12.8. கொள்ளளவில் 80 சதவீதம் வரை தாராளமாகப் பயன்படுத்தலாம். 50 ஆம்பியரில் எடுத்தாலும் 100 ஆம்பியர்-மணியில் பெரிய குறைவு வராது. நல்ல தயாரிப்பு 2,000 முறைக்கு மேல் காலியாகி நிரம்பத் தாங்கும். மேற்படி 75-க்கு ஒரே ஒரு 100 ஆம்பியர்-மணி லித்தியம் போதும். எடை 12 கிலோ அளவில்தான். பேட்டரியை முன்முனையில் வைத்திருந்தால், அங்கே ஐம்பது கிலோவுக்குப் பக்கமாகக் குறைவது சின்னப் படகுக்குப் பெரிய விஷயம். படகின் மூக்கு நிமிரும், எஞ்சின் குறைந்த பெட்ரோலில் தள்ளும்.

அதோடு சில நிபந்தனைகளும் வருகின்றன. ஈய-அமில பேட்டரி தீரத் தீர வோல்ட் இறங்கும், மோட்டார் தளரும், நமக்கே தெரியும். லித்தியம் கடைசி வரை 13 வோல்ட்டுக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டு, உள்ளே இருக்கும் காவல் சுற்று துண்டித்ததும் சட்டென்று செத்துப்போகும். ஆகவே வோல்ட் மீட்டர் இதற்குப் பயன்படாது. உள்ளே போன, வெளியே வந்த ஆம்பியரை எண்ணும் மீட்டர் வேண்டும். அந்தக் காவல் சுற்று எத்தனை ஆம்பியரைத் தொடர்ந்து விடும் என்பதையும் பார்க்க வேண்டும். மலிவுப் பேட்டரியில் அது 50 என்றிருந்தால், காற்றை எதிர்த்து முழு வேகம் போடும் நேரம் பார்த்துத் துண்டிக்கும். உறைநிலைக்குக் கீழே இதற்கு சார்ஜ் ஏற்றக் கூடாது; மின்னசோட்டாவிலும் ஒன்டாரியோவிலும் இது ஏட்டளவு எச்சரிக்கை அல்ல. லித்தியத்தின் வோல்ட் இறங்காமல் நிற்பதால் மோட்டார் அதிகமாகச் சூடேறலாம். அதனால் நெடுநேரம் 85 சதவீத வேகத்துக்கு மேல் ஓட்ட வேண்டாம் என்று மின் கோட்டா நிறுவனமே சொல்கிறது. எஞ்சினின் ஆல்டர்னேட்டரை நேராக லித்தியத்தோடு இணைத்தால், அது கொடுக்க முடிந்த அத்தனையையும் ஒரே மூச்சில் உறிஞ்சும். ஆல்டர்னேட்டர் சூடேறிக் கெடும். நடுவில் அதற்கென்று உள்ள டி.சி. சார்ஜரை வைக்க வேண்டும்.

பேட்டரியை எங்கே வைப்பது என்பதும் அளவைப்போலவே முக்கியம். மோட்டார் முன்முனையில், பேட்டரி பின்னால் என்றால் போகவர 10 மீட்டர் கம்பி. 50 ஆம்பியர் ஓடும்போது 6 சதுர மில்லிமீட்டர் கம்பியில் ஏறத்தாழ ஒன்றரை வோல்ட் வழியிலேயே போய்விடும். 16 சதுர மில்லிமீட்டரில் அது அரை வோல்ட்டுக்குச் சற்று மேல். பேட்டரியை நல்லதாக வாங்கிவிட்டுக் கம்பியில் சிக்கனம் பிடிப்பவர்களின் மோட்டார் தளர்வதற்கு இதுதான் காரணம். பேட்டரிக்குப் பக்கத்திலேயே 60 ஆம்பியர் பிரேக்கர் ஒன்றும் தேவை. மோட்டாரில் தூண்டில் நரம்போ பாசியோ சுற்றிக்கொண்டால் மின்னோட்டம் எகிறும். கம்பி எரிவதற்கு முன் பிரேக்கர் விழ வேண்டும். நீருக்கு மேல் தீப்பிடித்த படகிலிருந்து இறங்கி ஓட இடமில்லை.

மீன் காட்டும் திரையை எதோடு இணைப்பது என்பதில் பலர் தவறுகிறார்கள். ஸ்டார்ட்டிங் பேட்டரியோடு இணைத்தால், எஞ்சின் ஸ்டார்ட் ஆகும் நொடியில் வோல்ட் பத்துக்குப் பக்கமாக இறங்கித் திரை அணைந்து மறுபடி எழும். குறித்துவைத்த இடம் சேமிக்கப்படாமல் போகலாம். ட்ரோலிங் மோட்டாரின் பேட்டரியோடு இணைத்தால், வேகத்தைக் கட்டுப்படுத்த மோட்டார் மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி எடுப்பதன் இரைச்சல் திரையில் கோடு கோடாகத் தெரியும். மீனா இரைச்சலா என்று பிரித்தறிய முடியாது. 2018-ல் கார்மின் நிறுவனம், மீனின் அசைவை உடனுக்குடன் திரையில் காட்டும் நேரலை சோனாரைக் கொண்டுவந்த பிறகு, திரைக்கென்று தனிச் சிறு லித்தியம் வைக்கும் வழக்கம் போட்டி மீனவர்களிடம் பரவியிருக்கிறது. மேலே போட்ட 30 ஆம்பியர்-மணிக்கு 40 அல்லது 50 ஆம்பியர்-மணி லித்தியம் ஒன்று போதும்.

என் பார்வையில், ஸ்டார்ட்டிங் பேட்டரியை மற்ற இரண்டிலிருந்தும் பிரித்தே வைக்க வேண்டும். கரைக்குத் திரும்பும் வழி அதில் இருக்கிறது. அதற்கு எஞ்சின் கையேடு கேட்கும் சாதாரண ஈய-அமில பேட்டரியே போதும். ட்ரோலிங் மோட்டாருக்கு எது என்பது எவ்வளவு அடிக்கடி ஏரிக்குப் போகிறோம் என்பதைப் பொறுத்தது. கோடையில் நாலைந்து தடவை, அதுவும் அரைநாள் போகிறவருக்கு ஏ.ஜி.எம். ஒன்றே போதும், லித்தியத்தின் 2,000 சுற்றை அவர் வாழ்நாளில் பயன்படுத்தப்போவதில்லை. வாராவாரம் போகிறவருக்கு, தனியாகப் படகை இறக்கி ஏற்றுகிறவருக்கு, முதுகு வலி உள்ளவருக்கு லித்தியத்தின் கூடுதல் விலை நியாயமானதே. இப்போது வைத்திருக்கும் ஈய-அமில பேட்டரி முழு சார்ஜ் ஏறிச் சில மணி நேரம் சும்மா இருந்த பிறகும் 12.6 வோல்ட்டுக்குப் பக்கத்தில் நின்று, ஒரு நாளைக்கும் தாங்குகிறது என்றால் அதைத் தூக்கிப்போட அவசரமில்லை. அது தளரும் வருடத்தில் மாற்றிக்கொள்ளலாம். அப்போது வீட்டிலுள்ள சார்ஜரில் லித்தியத்துக்கான நிலை இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் சார்ஜரின் விலையையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.